கொள்ளிடம் பாலமும் மைசூர்பாகும்

உங்கள் வீட்டுப் பரணில் ஒரு பழைய ஷூ அட்டைப்பெட்டியோ, மூடி துருப்பிடித்த பிஸ்கட் டின்னோ இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை கீழே இறக்கிப் பாருங்கள். தும்மல் வரும். பரவாயில்லை. கரண்ட் பில், ரேஷன் கார்டு ஜெராக்ஸ், யாரோ ஒருவரின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, இதற்கெல்லாம் அடியில் நாலைந்து பொங்கல் வாழ்த்துகள் நிச்சயம் கிடக்கும். பானை பொங்கி வழியும். பக்கத்தில் கரும்பு. அல்லது கூலிங் கிளாஸ் போட்ட ரஜினி. ஜிகினா ஒட்டியதாக இருந்தால் இத்தனை வருஷம் கழித்தும் விரலில் ஒட்டும்.

எண்பதுகளில் ஜனவரி பிறந்தால் போதும், எங்கள் திருச்சியில் தெப்பக்குளத்தைச் சுற்றிக் கயிறு கட்டித் துணி காயப்போடுகிற மாதிரி வாழ்த்து அட்டைகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். ரஜினி ஒரு வரிசை, கமல் ஒரு வரிசை. எம்.ஜி.ஆருக்குத் தனிக் கயிறு. சாமி படம் பெரியவர்களுக்கு. காளையும் உழவரும் 'யாருக்கு அனுப்பினாலும் பாதகமில்லை' என்கிற வகை. மாமாவுக்கு முருகனும், மாமா பையனுக்குக் கமலும் என்று ஒரே வீட்டுக்கு இரண்டு அட்டை போடுகிறவர்கள் உண்டு. கவரை ஒட்டக் கூடாது, மடிப்பை உள்ளே செருகி மேலே 'புக் போஸ்ட்' என்று எழுதிவிட்டால் ஸ்டாம்ப் செலவு மிச்சம். இதெல்லாம் அன்றைய பொருளாதாரம்.

எனக்கு அந்தப் பொருளாதாரமும் கட்டுப்படியாகவில்லை. ஒன்பதாவது படிக்கிறவன் கையில் இருந்தது ஐந்து ரூபாய். அனுப்ப வேண்டியவர்களோ முப்பது பேர். அதனால் பதினைந்து காசு போஸ்ட் கார்டு வாங்கி, நானே வரைய ஆரம்பித்தேன். அது 1981 பொங்கல். முதல் படம், ஒரு காளை கரும்பைக் கையில் வைத்துக்கொண்டு "ஹேப்பி பொங்கல்" சொல்லும். காளைக்கு ஏது கை என்று கேட்காதீர்கள். அதைத்தான் நானும் வரையும்போது யோசித்தேன்.

போஸ்ட் கார்டில் ஒரு தொல்லை. ஊரே பார்க்கும். எனக்குக் கிடைத்த முதல் விமர்சகர் எங்கள் தெரு போஸ்ட்மேன். இரண்டு நாள் கழித்துச் சைக்கிளை நிறுத்தி, "தம்பி, மாடு ஜோரா இருக்கு. ஆனா நாலு காலும் ஒரே பக்கமா இருக்கே, சாஞ்சிராது?" என்றார். அவர் சொன்னது சரி. அன்றிலிருந்து மாடுகளைப் புல்லுக்குப் பின்னால் நிற்க வைத்துவிடுவேன். கால் தெரியாது. கார்ட்டூன் கலையில் நான் கற்ற முதல் பாடம் இது: வரைய வராததை மறைத்துவிடு.

மற்றப் பாடங்களையெல்லாம் பத்திரிகைகளில் கற்றேன். மாலி, ராஜு, கோபுலு, பிறகு மதன் என்று நம் தமிழ்ப் பத்திரிகைகள் எத்தனை பேரைத் தந்திருக்கின்றன! 'தில்லானா மோகனாம்பா'ளுக்குப் படம் போட்ட அதே கோபுலு, ஒரு வார்த்தை வசனம்கூட இல்லாமல் ஜோக் போடுவார். தீபாவளி மலர் வந்தால் வீட்டில் எல்லோரும் கதைக்கு அடித்துக்கொள்வார்கள். நான் கோபுலுவின் மாமா, மாமிகளின் முகத்தைக் கார்பன் பேப்பர் வைத்து எடுத்துக்கொண்டிருப்பேன். ஆர்.கே. லக்ஷ்மண் 1951-லிருந்து வரைந்த அந்தக் கட்டம் போட்ட கோட்டுக்காரர், 'காமன்மேன்', கடைசிவரை வாயே திறக்கவில்லை. இவர்களிடமிருந்து ஒன்று புரிந்தது. சிரிப்புப் படத்தில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தால் பார்க்கிறவருக்குச் சிரிப்பு வராது. ஒருத்தராவது உம்மென்று இருக்க வேண்டும். (இந்த விதி கல்யாண போட்டோக்களுக்கும் பொருந்துகிறது.)

நான் தொழில்முறைக் கார்ட்டூனிஸ்ட் இல்லை. அந்தத் தகுதி இல்லை என்பதைச் சில பத்திரிகைகள் என் படங்களைத் திருப்பி அனுப்பி, நாசூக்காகத் தெரிவித்திருக்கின்றன. வருஷத்துக்கு இரண்டு கார்ட்டூன், பொங்கலுக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று. வாசகர்கள், சொந்தபந்தமும் நண்பர்களுமாக நாற்பத்தைந்து பேர். இதுதான் என் சாம்ராஜ்யம்.

வேலைக்குச் சென்னை வந்து திருவல்லிக்கேணி மேன்ஷனில் தங்கியபோது உற்பத்தி முறையை நவீனப்படுத்தினேன். முதலில் வெளிர்நீலப் பென்சிலில் கோடு. அதன் மேல் தொட்டு எழுதுகிற நிப்பும் கறுப்பு இந்தியன் இங்க்கும். வெளிர்நீலத்தை ஜெராக்ஸ் மெஷின் பார்க்காது, அதனால் அழிக்கிற வேலை மிச்சம். கெட்டிப் பேப்பரில் நாற்பத்தைந்து காப்பி. ("மெஷின்ல சிக்கிட்டா நீங்கதான் சார் பொறுப்பு" என்று ஒவ்வொரு வருஷமும் ஜெராக்ஸ் கடைக்காரர் எச்சரிப்பார். ஒவ்வொரு வருஷமும் சிக்கும்.) பிறகு ராத்திரி மேன்ஷன் நண்பர்கள் வட்டமாக உட்கார்ந்து வாட்டர் கலர் அடிப்போம். ஒருத்தர் புடவை, ஒருத்தர் வேட்டிக் கரை, ஒருத்தர் வானம். கூலி, ஆளுக்கு ஒரு டீ, ஒரு சமோசா.

இந்த முறையை நானே கண்டுபிடித்ததாக ரொம்ப நாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் லண்டன்காரர் ஹென்றி கோல் பற்றிப் படித்தேன். 1840-ல் இங்கிலாந்தில் ஒரு பென்னி தபால் வந்தது. அதைக் கொண்டுவர உழைத்தவர்களில் அவரும் ஒருவர். தபால் மலிவானதும் எல்லோரும் கடிதம் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். 1843 கிறிஸ்துமஸுக்கு அத்தனை பேருக்கும் பதில் எழுத அவருக்கு நேரமில்லை. ஹார்ஸ்லி என்கிற ஓவிய நண்பரைப் பிடித்து ஒரு படம் போடச் சொல்லி, ஆயிரம் பிரதி அளவில் அச்சடித்து, கையால் வண்ணம் தீட்டவைத்தார். தனக்குப் போக மிச்சத்தை ஒரு ஷில்லிங் விலைக்கு விற்றார்கள். உலகின் முதல் வியாபார கிறிஸ்துமஸ் கார்டு அதுதான் என்கிறார்கள். ஆக, நம் மேன்ஷன் தொழில்நுட்பத்துக்கு வயது நூற்றைம்பதுக்கு மேல்.

அந்தக் கார்டில் இன்னொரு விசேஷம். நடுவில் ஒரு குடும்பம் உட்கார்ந்து ஒயின் கிளாஸைத் தூக்கி வாழ்த்துகிறது. அதில் ஒரு சின்னக் குழந்தைக்கும் ஒயின் புகட்டுகிறார்கள். 'குழந்தைக்குக் குடி பழக்குகிறார்களே' என்று மதுவிலக்குக்காரர்கள் கொதித்துப்போனார்கள். பாருங்கள், முதல் வாழ்த்து அட்டையே யாரோ சிலர் மனசைப் புண்படுத்தித்தான் பிறந்திருக்கிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நானும் அதைச் செய்திருக்கிறேன்.

எனக்கு ஓர் அத்தை, லால்குடியில். தீபாவளிக்கு முதல் நாள், பெரிய எவர்சில்வர் சம்படம் நிறைய மைசூர்பாகு எடுத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் திருச்சிக்கு வருவார். எங்கள் வீடு, பெரியப்பா வீடு, சித்தப்பா வீடு என்று ஆறு வீட்டுக்குப் பங்கு. அந்த மைசூர்பாகு ரொம்பப் பிரசித்தம். சுவையால் அல்ல. கடினத்தால். கதவிடுக்கில் வைத்து உடைப்போம். தாத்தா பாக்குவெட்டி கேட்பார். அத்தையும் கூடவே சிரிப்பார். வருஷா வருஷம் நடக்கிற குடும்ப நாடகம் அது.

1994 தீபாவளிக்கு எனக்கு ஐடியாவே வரவில்லை. ராத்திரி இரண்டு மணிக்குத் திடீரென்று வந்தது. கொள்ளிடம் பாலத்தில் ஒரு தூண் உடைந்திருக்கிறது. தொப்பி போட்ட இன்ஜினீயர்கள் பிளானை விரித்து வைத்துக்கொண்டு கவலையாக நிற்கிறார்கள். கான்ட்ராக்டர் சொல்கிறார்: "சிமென்ட் எதுக்கு சார்? இப்ப லால்குடி பஸ் வந்துடும். அதுல அத்தை மைசூர்பாகு கொண்டு வர்றாங்க." தூரத்தில் பஸ். ஜன்னலோரம் சம்படத்தைக் கட்டிக்கொண்டு அத்தை.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் வரைந்ததிலேயே நல்ல படம் அதுதான். நாற்பத்தைந்து பேரில் முப்பது பேராவது பதில் எழுதினார்கள். பெரியப்பா அதை ஷோகேஸ் கண்ணாடியில் ஒட்டி, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டினார். அத்தைக்கும் ஒரு காப்பி போனது. இன்லண்ட் லெட்டரில் பதில் வந்தது. 'சிரஞ்சீவிக்கு ஆசீர்வாதம். படம் நன்றாயிருக்கிறது. எனக்குப் பச்சைக் கலர் புடவை போட்டிருக்கிறாய். என்னிடம் பச்சையில் புடவையே கிடையாது.' அவ்வளவுதான். புடவைக்குப் பச்சை அடித்தது பக்கத்து அறை நண்பர். அவரைக் கூப்பிட்டுக் கடிதத்தைக் காட்டி இருவரும் சிரித்தோம்.

1995 தீபாவளிக்கு அத்தை வந்தார். சம்படம் இல்லை. ஆறு அட்டைப்பெட்டி. கடையில் வாங்கிய ஸ்வீட். "முடியலடா, வயசாகுதுல்ல" என்றார். சரி என்று விட்டுவிட்டேன். 1996-லும் அதே அட்டைப்பெட்டி. சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே, "என்ன இருந்தாலும் அத்தை மைசூர்பாகு மாதிரி வராது" என்றேன். அத்தை அப்போது கொல்லையில் இருந்தார். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"நீ போட்ட படத்துக்கு அப்புறம் அவங்க அடுப்பு மூட்டவே இல்லடா. பெரியப்பா வீட்டு கிருகப்பிரவேசத்துல, யார் யாரோ வந்து 'நீங்கதானா அந்த மைசூர்பாகு மாமி'ன்னு கேட்டிருக்காங்க. முன்னப்பின்ன தெரியாதவங்க."

எனக்கு வாயில் இருந்த ஸ்வீட் இறங்கவில்லை.

வீட்டுக்குள் ஆறு பேர் சிரிப்பது வேறு. அதையே படமாகப் போட்டு, காப்பி எடுத்து, ஸ்டாம்ப் ஒட்டி ஊருக்கு அனுப்புவது வேறு. வீட்டுக்குள் சிரிக்கும்போது அத்தையும் எங்களில் ஒருத்தர். படத்தில் அவர் தனியாக பஸ் ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறார், நாற்பத்தைந்து பேர் வெளியே நின்று சிரிக்கிறார்கள். இந்த வித்தியாசம் எனக்குத் தெரிய இரண்டு வருஷம் ஆனது.

மன்னிப்புக் கேட்டு ஒரு கார்டு வரையலாம் என்று உட்கார்ந்தேன். வரவில்லை. எது போட்டாலும் இன்னொரு ஜோக் மாதிரியே இருந்தது. 1997 தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால், இரண்டு கிலோ நெய், கடலை மாவு, சர்க்கரை எல்லாம் வாங்கிக்கொண்டு நேரே லால்குடிக்குப் போய் இறங்கினேன்.

"அத்தை, எனக்கு மைசூர்பாகு சொல்லிக் குடுங்க."

அத்தை பையைத் திறந்து பார்த்தார். நெய் டின்னைக் கையில் எடுத்து, எடை பார்க்கிற மாதிரி ஒரு நிமிஷம் வைத்திருந்தார். "இவ்வளவா?" என்றார்.

அடுப்படியில் என்னை நிற்க வைத்து, தான் முக்காலியில் உட்கார்ந்துகொண்டு சொல்லச் சொல்ல நான் கிண்டினேன். ஒரு டம்ளர் மாவுக்கு ரெண்டு டம்ளர் சர்க்கரை. பாகு ஒற்றைக் கம்பிப் பதம் வந்ததும் மாவைத் தூவணும். உருக்கின நெய்யைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டுக்கிட்டே இருக்கணும், கை நிற்கக் கூடாது. சொல்லிக்கொண்டே வந்தவர், சாதாரணமாக, வானிலை சொல்கிற மாதிரிச் சொன்னார்:

"நெய் குறைஞ்சா கெட்டியாத்தாண்டா வரும். எனக்குத் தெரியாதா? மில்லை மூடினதுக்கப்புறம் மாமாவுக்கு ஏது வருமானம்? ரெண்டு வீட்டுக்கான நெய்யை வெச்சிக்கிட்டு ஆறு வீட்டுக்குப் பங்கு போடணும். ஒரு வீட்டை விட முடியுமா, சொல்லு."

நான் கிண்டுவதை நிறுத்திவிட்டேன்.

"நிறுத்தாத, அடி பிடிக்கும்" என்றார் அத்தை.

மாமா ஒரு ரைஸ் மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். மில் மூடியது எங்களுக்கெல்லாம் தெரியும். மைசூர்பாகு கல்லாக இருந்ததும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அந்தக் குடும்பத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எல்லாவற்றையும் உற்றுப் பார்க்கிறவன் என்று பீற்றிக்கொள்கிற கார்ட்டூனிஸ்டுக்கும் தோன்றவில்லை. மாமாவின் மூக்கு எத்தனை டிகிரி வளைந்திருக்கிறது என்று பார்த்தவன், அடுப்படியைப் பார்க்கவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததில் பதம் தப்பியது. இரண்டு கிலோ நெய் கைவசம் இருந்தும், தட்டில் கொட்டி ஆறியபோது என் மைசூர்பாகு செங்கல்லாகிவிட்டது. கத்தி இறங்கவில்லை. அத்தை ஒரு துண்டைப் பெயர்த்து எடுத்து, கடிக்கவில்லை, அம்மியின் மேல் தட்டிப் பார்த்தார். ணங்கென்று சத்தம் வந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். மாமா திண்ணையிலிருந்து எழுந்து வந்துவிட்டார்.

"இதை வரைடா" என்றார் அத்தை.

வரைந்தேன். அதே பாலம், அதே இன்ஜினீயர்கள். இந்தத் தடவை பஸ்ஸில் ஏப்ரன் கட்டிக்கொண்டு, சம்படத்தோடு முழிப்பது நான். பக்கத்து சீட்டில் அத்தை, தலையில் கை வைத்துக்கொண்டு உம்மென்று உட்கார்ந்திருக்கிறார். அனுப்புவதற்கு முன்னால் ஒரு காப்பியை அவரிடம் காட்டி, சம்மதம் கேட்டேன். "புடவை அரக்கு கலர்ல இருக்கட்டும்" என்றார். நாற்பத்தைந்து காப்பிக்கும் அந்த அரக்கை நானே அடித்தேன். மேன்ஷன் நண்பர்களிடம் விடவில்லை.

மிச்ச நெய்யை லால்குடியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். அந்த தீபாவளிக்குச் சம்படம் வந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும் இல்லையா? மைசூர்பாகு அப்போதும் கொஞ்சம் கெட்டிதான். பழக்கதோஷம். பெரியப்பா வாய் திறக்கப் போனார். அம்மா காபியை நீட்டிவிட்டார்.

அதற்கப்புறம் எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். பண்டிகைக்குப் போடுகிற படத்தில் அடிபடுகிறவன் நானாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால், அடிபடுகிறவரிடம் முதலில் காட்ட வேண்டும். பத்திரிகைக் கார்ட்டூனிஸ்டுகளுக்கு இந்த விதி ஆகாது. மந்திரியிடம் காட்டிச் சம்மதம் வாங்கிப் போட்டால் அது கார்ட்டூன் இல்லை, காலண்டர். ஆனால், வாழ்த்து அட்டை வேறு ஜாதி. அது ஒருவர் வீட்டுக்குள் நுழைகிறது. செருப்பை வாசலில் விட்டுவிட்டு நுழைவது நல்லது.

இப்போது யார் சார் கார்டு போடுகிறார்கள் என்று கேட்பீர்கள். நியாயம்தான். தீபாவளி அன்று காலை ஆறு மணிக்கே வாட்ஸ்அப்பில் நூறு விளக்கு எரிகிறது. ஒரே படம் ஏழு பேரிடமிருந்து வருகிறது. இதில் கோபப்படவும் எனக்கு உரிமையில்லை. அந்தக் காலத்து வாழ்த்துத் தந்தி ஞாபகம் இருக்கிறதா? தீபாவளிக்கு ஒரு நம்பர், கல்யாணத்துக்கு ஒரு நம்பர், தேர்தலில் ஜெயித்ததற்கு ஒரு நம்பர். ஃபாரத்தில் நம்பரை மட்டும் எழுதினால் போதும், அந்தப் பக்கம் முழு வாக்கியமாகப் போய்ச் சேரும். 2013 ஜூலையில் தந்தியை மூடினார்கள். ரெடிமேட் வாழ்த்து மட்டும் பெயர் மாற்றிக்கொண்டு பிழைத்துக்கொண்டது. இன்று கம்ப்யூட்டரிடம் 'அத்தை, பஸ், மைசூர்பாகு' என்று சொன்னால் அதுவே பளபளவென்று படம் போட்டுக் கொடுக்கிறது. மாட்டுக்கு நாலு காலும் சரியாகவே இருக்கும். ஆனால் அத்தையிடம் பச்சையில் புடவை கிடையாது என்பதை நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும். அதற்கு நீங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

நான் இன்னமும் போடுகிறேன். பட்டியல் நாற்பத்தைந்திலிருந்து பத்தொன்பதாகிவிட்டது. டைரியில் முகவரிகளைப் பென்சிலால் அடிப்பேன், பேனாவால் அடிக்க மனசு வருவதில்லை. லால்குடி முகவரியை 2009-ல் அடித்தேன்.

2018 ஆகஸ்டில் காவிரியிலும் கொள்ளிடத்திலும் வெள்ளம் போனது உங்களுக்கு நினைவிருக்கும். பக்கத்தில் புதுப் பாலம் வந்துவிட்டதால் சும்மா நின்றிருந்த பழைய கொள்ளிடம் பாலத்தின் தூண்கள் தண்ணீரில் சரிந்தன. டி.வி.யில் அதைக் காட்டிக்கொண்டே இருந்தார்கள். அம்மாவும் நானும் பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து அம்மா, "லால்குடி பஸ் இனிமே வராதுடா" என்றார். இருவரும் சிரித்தோம். அப்புறம் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார்.

வருகிற பண்டிகைக்கு நீங்களும் ஒரு கார்டு போட்டுப் பாருங்களேன். ஒரே ஒருத்தருக்குப் போதும். வரைய வராது என்பீர்கள். மனிதர்களுக்கு ஒரு வட்டம், இரண்டு புள்ளி போதும். மாடு வந்தால் புல்லுக்குப் பின்னால் நிறுத்துங்கள். யாருக்கு அனுப்புகிறீர்களோ அவர் என்ன கலர் புடவை கட்டுவார் என்று மட்டும் முதலில் விசாரித்துவிடுங்கள்.